கனத்த துகளைத் தேடி எதுவும் கிடைக்காதவர்களுக்கு அந்த ஆண்டுகள் வீணாகத் தோன்றாதா?

ஹிக்ஸ் துகளுக்குப் பிறகு, புரோட்டான்களை மோதவிட்டுப் பார்க்கும் ஜெனீவாவின் பெரிய ஹாட்ரான் மோதுவியில் புதிய அடிப்படைத் துகள் எதுவும் சிக்கவில்லையே, தேடியவர்களின் ஆண்டுகள் வீண்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கும் முன் தயங்கி நிற்பவர் என்று ஊகிக்கிறேன். 'வீண்' என்ற அந்தச் சொல் இல்லாமல் இருந்திருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

சிங்கப்பூரின் ஈசூனில் வளர்ந்த நான் ஐரோப்பாவில் முனைவர் பட்டம் செய்தபோது, அந்த மோதுவியின் மோதல்களைப் பதிவுசெய்யும் அட்லஸ் ஆய்வுக்குழுவில் இருந்தேன். ஏற்கெனவே அறியப்பட்ட இசட் என்ற அடிப்படைத் துகளைப் போன்ற, ஆனால் அதைவிடப் பல மடங்கு கனமான ஒன்று இருந்தால், அது பிறந்த கணமே இரண்டு மியூவான்களாகவோ (எலக்ட்ரானின் கனமான உறவு) இரண்டு எலக்ட்ரான்களாகவோ சிதையக்கூடும்; அவற்றின் உந்தங்களிலிருந்து தாய்த்துகளின் நிறையைக் கணக்கிட்டு அடுக்கினால், 91 கிகா எலக்ட்ரான்வோல்ட்டில் (துகள்களின் நிறையை இந்த அலகில்தான் சொல்வோம்) இசட்டின் மேடு எழுந்து, பிறகு வரைபடம் சரிந்துகொண்டே போகும். அந்தச் சரிவில் இன்னொரு சிறு மேடு தென்படுகிறதா என்பதே எங்கள் கேள்வி. கேள்வி எளிது. ஆனால் உந்தத்தை அளப்பது காந்தப்புலத்தில் துகளின் பாதை வளைவதை வைத்துத்தான்; 1 டெரா (அதாவது ஆயிரம் கிகா) எலக்ட்ரான்வோல்ட் உந்தமுள்ள மியூவான் பல மீட்டர் காந்தப்புலத்தைக் கடந்தும் வளைவது ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான். அதைப் பதியும் உணர்கருவி அறைகளில் ஒன்று தலைமுடியின் பருமனுக்கு இடம் பிசகியிருந்தாலும் அளவீடு பத்து விழுக்காடு தவறிவிடும். என் முதல் இரண்டு ஆண்டுகள் அந்தப் பிசகுகளைத் திருத்துவதிலேயே கழிந்தன.

2015 டிசம்பர் 15 அன்று, என் பிரிவில் அல்ல, இரண்டு ஒளித்துகள்களாகச் சிதைவதைப் பார்க்கும் பிரிவில், 750 கிகா எலக்ட்ரான்வோல்ட் அருகே ஒரு மேடு அறிவிக்கப்பட்டது. எங்கள் குழுவுக்கு 3.6 சிக்மா, அதே மோதுவியில் எங்கள் எதிரணியான சிஎம்எஸ் குழுவுக்கு 2.6. சிக்மா கூடக் கூட, மேடு வெறும் தற்செயலாக இருக்கும் வாய்ப்பு குறையும். சிங்கப்பூரில் இரவாகியிருந்தும் அப்பாவைத் தொலைபேசியில் எழுப்பிச் சொன்னேன். ஆனால் பல நூறு நிறைகளில் தேடும்போது எங்காவது ஒரு மேடு தற்செயலாக எழத்தான் செய்யும். பார்க்கும் கார் எண், கனவு, புளோக் எண் என்று எல்லாவற்றையும் நாலு நம்பர் லாட்டரியில் கட்டும் என் மாமாவுக்கு எப்போதாவது விழுவதைப் போன்றதுதான் அது. அதையும் கணக்கில் சேர்த்தால் எங்கள் 3.6 சுமார் 2 ஆகச் சுருங்கியது. கண்டுபிடிப்பு என்று சொல்ல 5 வேண்டும். இருந்தும் நான் நம்பினேன். 2016 ஆகஸ்டில், ஏறத்தாழ நான்கு மடங்கு புதிய தரவு வந்ததும், மேடு கரைந்துபோனது. இடைப்பட்ட எட்டு மாதங்களில் அதை விளக்கி நூற்றுக்கணக்கான கட்டுரைகள் வெளியாகியிருந்தன. கோட்பாட்டாளர்களைக் கேலி செய்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். எழுதத் தெரிந்திருந்தால் நானும் ஒன்று எழுதியிருப்பேன்.

2019-இல் எங்கள் தேடலின் முடிவு வெளிவந்தது: புதிய துகள் இல்லை. ஊர் திரும்பியதும் ஒரு நிறுவனத்தின் நேர்காணலில், "ஐந்து ஆண்டுகளில் என்ன கண்டுபிடித்தீர்கள்?" என்று கேட்டார்கள். எதுவும் இல்லை என்று நான் தொடங்கிய வாக்கியத்தை முடிக்க விடாமல் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். வேலை கிடைக்காத ஆத்திரத்தில் பேசுவதாக நினைத்தாலும் பரவாயில்லை, அந்த அவசரம் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அப்பா முப்பது ஆண்டுகள் கப்பல் பட்டறையில் பற்றவைப்புகளைச் சோதித்தவர். அல்ட்ராசவுண்ட் கருவியை இரும்புத் தகட்டின் மேல் நகர்த்தி, உள்ளே வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்து எழுதிக் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. பெரும்பாலான நாட்களில் அவர் எழுதியது 'குறை இல்லை' என்பதுதான். நேர்காணலைப் பற்றிச் சொன்னபோது அவர் அதை விட்டுவிட்டு வேறொன்று கேட்டார்.

"எது வரைக்கும் பார்த்தீங்க?"

எடுத்துக்கொள்ளும் கோட்பாட்டைப் பொறுத்து 4.5 முதல் 5.1 டெரா எலக்ட்ரான்வோல்ட் வரை, அதாவது இசட்டைப் போல ஐம்பது மடங்கு கனம் வரை, அப்படி ஒன்று இருந்திருந்தால் எங்கள் கண்ணில் பட்டிருக்கும் என்றேன்.

"அதுக்கு மேல?"

இருக்கலாம், எங்கள் தரவால் சொல்ல முடியாது என்றேன்.

"அதையும் ரிப்போர்ட்டில் எழுதியிருக்கீங்கல்ல?"

எழுதியிருந்தோம்.