லடாக்கில் திபெத்திய கோவா மான் அருகிப்போனது ஏன்? காப்பாற்ற என்ன வழி?

கோவா நம் நாட்டுச் சமவெளியில் வாழும் சிறுமானான சிங்காராவுக்குத் தூரத்து உறவு. எடை சுமார் 15 கிலோ. தோள் உயரம் 60 செ.மீ.யை ஒட்டி. கொம்பு ஆணுக்கு மட்டும். திபெத்தியப் பீடபூமியில் 3,000 மீட்டருக்கு மேல் பரவலாக வாழ்கிறது. இந்தியாவில் லடாக்கின் ஹான்லே பகுதியிலும் வட சிக்கிமிலும் மட்டுமே எஞ்சியுள்ளது. லடாக்கில் மிஞ்சியவை நூற்றுக்கும் குறைவு.

வேட்டைதான் காரணம் என்று பலர் நினைப்பார்கள். பழைய சரிவுக்கு அது பெரும் காரணம்தான். ஆனால் வேட்டை குறைந்த பிறகும் எண்ணிக்கை ஏறவில்லையே, அதைத்தான் கவனிக்க வேண்டும். சிறிய உடல், சிறிய இரைப்பை. முரட்டுப் புல்லைத் தின்று காலம் தள்ள முடியாது. சத்துள்ள அகன்ற இலைச் சிறுசெடிகளையும் பயறுவகைச் செடிகளையும் பொறுக்கித் தின்னும். பஷ்மினா ஆடுகளும் செம்மறிகளும் அதே செடிகளை முதலில் மேய்ந்துவிடுகின்றன. 1962 இந்திய-சீனப் போருக்குப் பின் பழைய மேய்ச்சல் நிலங்கள் சில எல்லைக்கு அப்பால் போயின. திபெத்திய அகதிகளின் மந்தைகளும் வந்து சேர, இருந்த நிலத்தில் நெருக்கடி கூடியது. போதாததற்குத் தெருநாய்கள் வேறு. ஜூலை, ஆகஸ்டில் பிறக்கும் குட்டிகளுக்கு அவை பெரும் ஆபத்து.

வேலி போடுவது தவறான வைத்தியம். சிறு கூட்டங்கள் ஒன்றையொன்று அடைய முடியாமல் போனால் நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் நடக்கும் நிலை வரும். மேய்ப்பர்களோடு பேசி, ஈடு கொடுத்து, கோவா பயன்படுத்தும் மேட்டுநிலங்களில் சில துண்டுகளை மந்தை நுழையாமல் விடுவதே பலன் தரும். குட்டி ஈனும் பருவத்தில் இது கட்டாயம். முகாம்களின் உணவுக் கழிவை மூடி வைத்தால் நாய்களும் பெருகாது.