பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் படலையைத் திறந்து பாருங்கள்

அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடையில் ஒரு அ.த.க. (அரசினர் தமிழ்க் கலவன்) பாடசாலை இருக்கிறது. ஆனால் உங்கள் ஒழுங்கையிலிருந்து ஒரு பிள்ளையும் அங்கே போவதில்லை, எல்லோரும் காலை ஆறரைக்கே வான் வண்டியில் ஏறி யாழ்ப்பாண நகரத்துக்குப் போகிறார்கள். மகளை அங்கே முதலாம் தரத்தில் சேர்த்தால் அவளுடைய எதிர்காலத்தை நானே கெடுத்துவிடுவேனோ என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் கடிதம் முழுக்கத் தேடியும் ஒரு விஷயம் எனக்குக் கிடைக்கவில்லை. நீங்கள் அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் போய்ப் பார்த்ததாக எங்கேயும் எழுதவில்லை.

நான் வழக்கமாகச் சந்திப்பது சாதாரண தரம், உயர்தரம் எழுதுகிற பிள்ளைகளை. "எனக்குக் கணக்கு ஓடாது, சேர்" என்று சொல்லும் பதினாறு வயதுப் பிள்ளையோடு கொஞ்சம் பொறுமையாக இருந்து கதைத்தால், பல நேரம் சிக்கல் கணக்கில் இருக்காது. வினாவை வாசித்து விளங்கிக்கொள்வதில் இருக்கும். அது பதினோராம் வகுப்பில் வந்த குறை அல்ல. இரண்டாம், மூன்றாம் வகுப்பில் யாரும் கவனிக்காமல் விட்டது. அப்படி என்னிடம் வந்தவர்களில் பெரிய பெயருள்ள கல்லூரிப் பிள்ளைகளும் உண்டு, ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் உண்டு. அதனால்தான் முதல் மூன்று வருடமும் மகளுக்கு யார் படிப்பிக்கப் போகிறார் என்பதை நான் பள்ளிக்கூடத்தின் பெயருக்கு முன்னால் வைக்கிறேன்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. அ.த.க., அ.மி.த.க. (அமெரிக்க மிஷன் தமிழ்க் கலவன்), றோ.க.த.க. (றோமன் கத்தோலிக்கத் தமிழ்க் கலவன்) என்ற எழுத்துகளைக் கண்டதும் தரம் குறைந்த பள்ளிக்கூடம் என்று நினைக்கும் பழக்கம் நம்மிடம் வந்துவிட்டது. அமெரிக்க மிஷனும் றோமன் கத்தோலிக்கத் திருச்சபையும் தொடங்கி நடத்திய பள்ளிக்கூடங்களில் பெரும்பாலானவற்றை 1960, 1961 காலத்தில் அரசாங்கம் பொறுப்பெடுத்தது. அந்தப் பழைய பெயர்களைத்தான் இன்றும் எழுதுகிறோம். உள்ளே இருப்பது நகரப் பள்ளிக்கூடங்களில் உள்ள அதே பாடத்திட்டம், அரசாங்கம் இலவசமாகத் தரும் அதே பாடப்புத்தகம்.

முதலில் அந்தப் பள்ளிக்கூடம் எந்த வகுப்பு மட்டும் இருக்கிறது என்று கேளுங்கள். ஐந்தோடு முடிகிறதா, எட்டா, பதினொன்றா? ஐந்தோடு முடிந்தால் அங்கே படித்த பிள்ளைகள் ஆறாம் தரத்துக்கு எங்கே போகிறார்கள் என்று அதிபரிடம் விசாரியுங்கள். நல்ல அதிபர் என்றால் யார் யார் எங்கே போனார்கள் என்று விரல் மடக்கிச் சொல்லுவார். இன்னொன்றையும் நினைவில் வைத்திருங்கள். யாழ். இந்துக் கல்லூரி, பெண்பிள்ளைகளுக்கான வேம்படி போன்ற கல்லூரிகளில் வகுப்பே ஆறாம் தரத்தில்தான் தொடங்குகிறது. இன்று நீங்கள் எடுக்கும் முடிவு பதின்மூன்று வருடத்துக்கும் சேர்த்து எடுக்கிற முடிவு அல்ல.

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை முடிவுகள் வந்ததும் மதிலில் பதாகை கட்டுவார்கள். அதைப் பார்த்து மயங்கவும் வேண்டாம், பதாகை இல்லையென்று தள்ளிவிடவும் வேண்டாம். 200 புள்ளியில் 70 அல்லது அதற்கு மேல் எடுத்தால் சித்தி என்பார்கள். புலமைப்பரிசில் கிடைப்பதற்கான வெட்டுப்புள்ளியோ அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. 'நூறு வீதம் சித்தி' என்று இருந்தால் எதில் நூறு வீதம் என்று கேட்க வேண்டும். வகுப்பில் ஒன்பது பேர்தான் என்றால் ஒரு வருடம் மூன்று பேர் வெட்டுப்புள்ளியைத் தாண்டுவார்கள், அடுத்த வருடம் ஒருவரும் இல்லை. அதில் பள்ளிக்கூடம் நல்லதா கெட்டதா என்று எதுவும் தெரியாது. தவிர, பெரிய பள்ளிக்கூடங்களின் முடிவுகளில் எவ்வளவு பங்கு வகுப்பறைக்கு, எவ்வளவு பங்கு பின்னேர ரியூசனுக்கு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

சரி, என்ன பார்ப்பது? தவணை நடுவில், சாதாரண ஒரு நாளில் போங்கள். புதுப் பிள்ளைகளை வரவேற்கும் கால்கோள் விழா, விளையாட்டுப் போட்டி நாள்களில் எல்லாப் பள்ளிக்கூடமும் அழகாகத்தான் இருக்கும். காலை ஏழரைக்கு முன்பே வீதியில் நின்று, மணி அடிக்கும்போது எத்தனை ஆசிரியர்கள் வந்துவிட்டார்கள் என்று கவனியுங்கள். பிறகு அதிபரைச் சந்தித்து, முதலாம் தரம் எடுக்கும் ஆசிரியர் யார், அவர் ஆரம்பக் கல்விக்குப் பயிற்சி பெற்றவரா என்று கேளுங்கள். கோப்பாயில் ஆசிரியர் கலாசாலையும் தேசிய கல்வியியற் கல்லூரியும் இருக்கின்றன. சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பதற்கென்றே அங்கே பயின்று வந்தவர்கள் இருக்கிறார்கள். வேறு பாடத்துக்கு வந்தவரை ஆள் இல்லாத குறைக்கு ஒன்றாம் வகுப்பில் விடுவதும் நடக்கிறது. நல்ல ஆசிரியர் என்று தெரிந்தால் அடுத்த வருடமும் அங்கேயே இருப்பாரா என்றும் கேளுங்கள். இடமாற்றம் வந்தால் நீங்கள் பார்த்துவிட்டு வந்த வகுப்பறை வேறு வகுப்பறையாகிவிடும்.

முடிந்தால் இரண்டாம் தரப் பிள்ளைகளின் கொப்பிகளைப் பார்க்க அனுமதி கேளுங்கள். முதல் வரிசைப் பிள்ளையின் கொப்பி வேண்டாம், நடுவில் இருந்து இரண்டு எடுங்கள். சரி அடையாளம் மட்டும் வரிசையாகப் போட்டிருக்கிறதா, பிழையைத் திருத்தி எழுத வைத்திருக்கிறதா? ஒரே வசனத்தைக் கரும்பலகையில் பார்த்துப் பத்துத் தரம் எழுதியிருக்கிறார்களா, பிள்ளை தானாக 'எங்கள் வீட்டு ஆடு' பற்றி நாலு வரி, எழுத்துப்பிழையோடுதான் என்றாலும், எழுதியிருக்கிறதா? எனக்கு அந்த ஆட்டுக்குட்டி வேண்டும். மூன்றாம் தரப் பிள்ளை ஒன்றிடம் புத்தகத்தில் இதுவரை படிப்பிக்காத பக்கத்தைக் கொடுத்து அன்பாக வாசிக்கச் சொல்லுங்கள். எழுத்தெழுத்தாகத் தட்டினாலும் பரவாயில்லை, வாசித்து முடித்து என்ன விஷயம் என்று சொன்னால் அந்த வகுப்பில் வேலை நடக்கிறது.

பிள்ளைகள் குறைந்த பள்ளிக்கூடத்தில் ஒரே ஆசிரியர் இரண்டு வகுப்பைச் சேர்த்து எடுப்பதும் உண்டு. அதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். ஒரு வகுப்புக்குச் சொல்லிக்கொடுக்கும் நேரத்தில் மற்ற வகுப்பு என்ன செய்கிறது என்று பாருங்கள். கையில் வேலை இருந்தால் நல்லது. கையைக் கட்டிக்கொண்டு 'சத்தம் போடாதே' என்று இருத்தி வைத்திருந்தால் நல்லதல்ல. பன்னிரண்டு பேர் உள்ள வகுப்பில் உங்கள் மகள் ஒரு நாள் பேசாமல் இருந்தாலும் ஆசிரியருக்குத் தெரியும். நாற்பது பேரில் ஒரு தவணை முழுக்கப் பேசாமல் இருக்கலாம். அதேநேரம், பிள்ளைத் தொகை வருடா வருடம் இறங்கிக்கொண்டே போகிறதா என்பதையும் கேட்க வேண்டும். பள்ளிக்கூடம் வேறொன்றோடு இணைக்கப்படுமோ என்ற கதை இருந்தால் கோட்டக் கல்வி அலுவலகத்தில் நேரே விசாரியுங்கள், ஒழுங்கையில் அல்ல.

மலசலகூடத்தைக் கட்டாயம் பாருங்கள். கதவுக்குக் கொண்டி இருக்கிறதா, உள்ளே தண்ணீர் வருகிறதா? வீடு திரும்பும்வரை அடக்கிக்கொண்டிருக்கும் பெண்பிள்ளைகள் எத்தனை பேர் என்று அம்மாமாருக்குத்தான் தெரியும். கிணற்றுக்குக் கட்டும் மேலே வலையும் இருக்கிறதா, குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது, மாரி மழைக்கு வளவில் வெள்ளம் நிற்குமா என்பதையும் பாருங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகு அந்தப் பள்ளிக்கூடம் வேண்டாம் என்று நானே சொல்லக்கூடிய சந்தர்ப்பங்கள் உண்டு. ஒன்றாம் வகுப்பு ஆசிரியரின் மேசையில் பிரம்பு கிடந்தால், அல்லது பிள்ளையை மற்றப் பிள்ளைகளுக்கு முன்னால் 'மொக்கு' என்று கூப்பிட்டால், வேறு எது நன்றாக இருந்தாலும் அங்கே சேர்க்க வேண்டாம். ஆசிரியர் அடிக்கடி லீவில் நின்று வகுப்பு சும்மா இருக்கிறது என்று பெற்றோர் இரண்டு மூன்று பேர் தனித்தனியாகச் சொன்னாலும் அப்படித்தான்.

வானின் செலவையும் சரியாகக் கணக்குப் போடுங்கள். காசை மட்டும் அல்ல. ஆறரைக்கு ஏற வேண்டுமென்றால் ஐந்தரைக்கு எழுப்ப வேண்டும், பாதி நாள்களில் காலையில் சாப்பிடாமலே போவாள். திரும்பி வரும்போது வெயிலில் நெருக்கியடித்து வந்து, வந்ததும் படுத்துவிடுவாள். அந்த நேரத்தில்தான் நீங்கள் அவளோடு இருந்து ஒரு கதைப் புத்தகம் வாசித்திருப்பீர்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது சின்ன இழப்பு அல்ல.

பள்ளிக்கூடம் நடுத்தரமாக இருக்கிறது, ஆனால் ஆசிரியர் நல்லவர் என்றால், என் மனம் பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் பக்கம்தான். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு நீங்களும் கணவரும் போங்கள். நாற்பது ஐம்பது குடும்பம் உள்ள இடத்தில் அக்கறையுள்ள இரண்டு பெற்றோர் எழுந்து கேட்டால் மலசலகூடக் கதவுக்குக் கொண்டி போடப்படும், வாசிப்பு மூலைக்குப் புத்தகம் வரும். நகரத்துப் பெரிய பள்ளிக்கூடத்தில் உங்கள் குரல் அவ்வளவு தூரம் கேட்காது.

முதலாம் தரத்துக்குச் சேர, அந்த வருடம் ஜனவரி 31ஆம் திகதிக்கு மகளுக்கு ஐந்து வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும். விண்ணப்பம் முந்தைய வருடமே கோருவார்கள். வாக்காளர் இடாப்பில் உங்கள் இருவருடைய பெயரும் இந்த முகவரியில் இருக்கிறதா என்று கிராம அலுவலரிடம் இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். நகரப் பள்ளிக்கூடத்துக்கு விண்ணப்பித்தாலும் அது தேவைப்படும். அப்புறம், முதலாம் தரத்துக்கு நுழைவுப் பரீட்சை கிடையாது. எழுத்து மனப்பாடம் செய்ய வைக்கும் முன்பள்ளிக்கு மகளை மாற்ற வேண்டாம்.

வருகிற வாரம் ஒரு நாள் காலையில் அவளையும் கூட்டிக்கொண்டு நடந்தே போங்கள். வழியில் நாய்த் தொல்லை, வீதி கடக்கும் இடம் எல்லாம் அப்போதே தெரியும். அதிபரோடு நீங்கள் கதைக்கும் நேரம் அவளை வளவில் விளையாட விடுங்கள். வந்தபின் என்ன பார்த்தாய் என்று கேட்டு, அவள் சொன்னதையும் எனக்கு எழுதுங்கள்.