மாதவிடாய் நின்ற அம்மாவுக்கு ஈஸ்ட்ரோஜனுடன் இன்னொரு மாத்திரையும் எதற்கு?

கடலூர் முதுநகரில் இருக்கும் உங்கள் தாய்க்கு மருத்துவர் ஈஸ்ட்ரோஜன் ஜெல்லோடு, புரோஜெஸ்ட்ரோன் என்ற இன்னொரு பெண் ஹார்மோன் மாத்திரையும் எழுதிக் கொடுத்ததாகவும், ஒன்று போதாதா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

ஈஸ்ட்ரோஜன் என்பது எஸ்ட்ரடியால், எஸ்ட்ரோன், எஸ்ட்ரியால் ஆகிய பெண் ஹார்மோன்களின் பொதுப்பெயர். இவற்றில் முதன்மையான எஸ்ட்ரடியாலை, ஆண் ஹார்மோன் என்று நாம் ஒதுக்கிவைக்கும் டெஸ்டோஸ்டிரோனிலிருந்தே சூலகம் உருவாக்குகிறது என்பது எனக்கு இன்றும் வியப்புதான். எஸ்ட்ரடியால் செல்லுக்குள் நுழைந்து, அதை ஏற்கும் புரதமான ஏற்பியுடன் இணைந்து, சில மரபணுக்களை முடுக்கவும் சிலவற்றை அடக்கவும் செய்கிறது. அத்தகைய ஏற்பிகள் கருப்பையில் மட்டுமன்றி எலும்பிலும் மூளையிலும் இருப்பதால், மாதவிடாய் நின்று சுரப்பு குறைந்ததும், உடல்வெப்பத்தைக் காக்கும் மூளைப்பகுதியான ஹைப்போதலாமஸ் சிறு ஏற்றத்தையும் பெரும் வெப்பமாக எடுத்துக்கொள்கிறது. மார்கழிப் பனியிலும் நள்ளிரவில் ரவிக்கை நனைய வியர்த்து எழுந்து மின்விசிறியைப் போடுவது இதனால்தான். எலும்பை அரிக்கும் செல்களுக்கு இருந்த கடிவாளமும் தளர்ந்துவிடுகிறது.

இந்தக் குறையை ஈடுசெய்யத்தான் ஜெல். இனி மாத்திரைக்கு வருவோம். ஈஸ்ட்ரோஜன் தனித்து வேலை செய்தால் கருப்பையின் உட்சுவர் தடித்து, நாளடைவில் புற்றுநோய்க்கும் வழிவிடக்கூடும். புரோஜெஸ்ட்ரோன் அதைத் தடுக்கிறது. கருப்பை அகற்றப்பட்டவர்களுக்குப் பொதுவாக அது தேவைப்படாது. தோல் வழியே செல்லும் ஜெல், முதலில் கல்லீரலைக் கடக்காததால், விழுங்கும் ஈஸ்ட்ரோஜனைவிட இரத்தக்குழாயில் இரத்தம் உறையும் அபாயம் குறைந்தது. மார்பகப் புற்றுநோயோ இரத்த உறைவோ முன்பு வந்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். எதிர்பாராத இரத்தப்போக்கு கண்டாலும் காத்திருக்க வேண்டாம். ஜெல் பூசிய இடம் உலர்ந்து, கைகளைக் கழுவி, அவ்விடத்தைத் துணியால் மூடிய பின்பே பேரப்பிள்ளையைத் தூக்கச் சொல்லுங்கள்.