குடிலை விடுங்கள், நாற்றுக்குப் போர்வை போடுங்கள்!

கேள்வி: ஊட்டி பக்கம் தலைகுந்தாவில், வீட்டுக்குப் பின்னால் பத்தடிக்கு எட்டடியில் சின்னதாக ஒரு பாலி ஹவுஸ் (பாலித்தீன் ஷீட் போர்த்திய குடில்) போட்டிருக்கிறேன். உள்ளே குழித்தட்டில் தக்காளி, குடைமிளகாய் நாற்று. போன டிசம்பரில் ஒரே ராத்திரி உறைபனியில் பாதி நாற்று கருகிவிட்டது. அங்கே கரண்ட் லைன் கிடையாது. மண்ணெண்ணெய் விளக்கு வை, பூந்தொட்டிக்குள் மெழுகுவர்த்தி ஏற்று என்று ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எதைத்தான் செய்வது?

பதில்: முதலில் அந்த மெழுகுவர்த்தியை அணைத்துவிடுவோம். ஒரு மெழுகுவர்த்தி தரும் சூடு அதிகம் போனால் 80 வாட். உங்கள் குடிலின் சுவர், கூரை எல்லாம் சேர்த்தால் சுமார் 30 சதுர மீட்டர் ஷீட் வரும். ஒற்றை ஷீட் என்றால் உள்ளே ஒரு டிகிரி கூடுதலாக வைத்திருக்கவே கிட்டத்தட்ட 180 வாட் வேண்டும். ஆக, மெழுகுவர்த்தி அரை டிகிரிகூட ஏற்றாது. மேலே மண்தொட்டியைக் கவிழ்த்தால் சூடு பெருகும் என்று வீடியோவில் காட்டுகிறார்கள், தொட்டி சுடும் என்பது வாஸ்தவம், ஆனால் மெழுகில் இல்லாத சூட்டைத் தொட்டி எங்கிருந்து கொண்டுவரும்?

மண்ணெண்ணெய் அடுப்பில் சூடு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் சரியாக எரியாத புகையில் எத்திலீன் வாயு வரும், தக்காளி அதற்கு ரொம்பவே வாடும், பூ இருந்தால் கொட்டிவிடும். பாலித்தீனுக்குள் ராத்திரி முழுக்கத் தீ என்பதே வம்பு. கரி அடுப்பு வேண்டவே வேண்டாம். மூடிய இடத்தில் அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, ராத்திரி நாற்றைப் பார்க்க உள்ளே போகிறவர் நீங்கள்தானே.

சரி, நாற்று ஏன் கருகியது? உறைபனி விழுவது மேகமும் காற்றும் இல்லாத ராத்திரியில். பகலில் மண் வாங்கிய சூட்டை அப்படியே வானத்துக்கு விட்டுவிடும். சாதாரண பாலித்தீன் ஷீட் இந்தச் சூட்டைத் தடுக்காது, பெருமளவு வெளியே விட்டுவிடும். அதனால்தான் சில ராத்திரி குடிலுக்கு உள்ளே வெளியைவிடக் குளிராகக்கூட இருக்கும். நம்ப முடியாவிட்டால் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று குறைந்தபட்ச அளவைப் பிடித்துவைக்கும் தெர்மாமீட்டர் மாட்டிப் பாருங்கள். அப்புறம், குளிர்காற்று தண்ணீர் மாதிரி பள்ளத்துக்குத்தான் ஓடும். குடில் பள்ளத்தில் இருந்தால் அடுத்த முறை சரிவில் கொஞ்சம் மேலே ஏற்றிப் போடுங்கள்.

அதனால் குடில் முழுவதையும் சூடேற்றும் ஆசையை விட்டுவிடுங்கள். குழித்தட்டு இருக்கும் நாலடி இடத்தை மட்டும் காப்பாற்றினால் போதும். தட்டுகளுக்கு மேலே மூங்கில் பத்தையை வளைத்துக் குத்தி, அதன்மேல் சாயங்காலம் ஒரு ஷீட், அதற்கு மேல் சணல் சாக்கு அல்லது பழைய கம்பளி போடுங்கள். துணி இலையில் படக்கூடாது, ஓரம் தரை வரை இறங்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கீழே இருந்து வரும் மண்சூடு பக்கவாட்டில் கழன்றுவிடும். வட சீனாவில் சாயங்காலமானால் வைக்கோல் பாயைக் குடில்மேல் விரித்துவிட்டுக் காலையில் சுருட்டி வைப்பார்கள். அதே வேலைதான் இது.

அந்தப் போர்வைக்கு உள்ளே தண்ணீரை வையுங்கள். இருபது லிட்டர் எண்ணெய் கேன்களைக் கழுவி, கருப்பு பெயின்ட் அடித்து, தண்ணீர் நிரப்பித் தட்டுகளுக்கு வடக்கே வரிசையாக அடுக்குங்கள். டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்துதான் போகும், வடக்கே இருந்தால்தான் பகல் முழுக்க வெயில் படும், நாற்றுக்கும் நிழல் விழாது. நான் முதல் வருஷம் இடம் தோதாக இருக்கிறதென்று தெற்கு ஓரம் வைத்துவிட்டு, தண்ணீர் பச்சைத் தண்ணீராகவே கிடந்ததைப் பார்த்துத்தான் புத்தி வந்தது. பத்து கேன், அதாவது 200 லிட்டர், ராத்திரியில் ஐந்து டிகிரி ஆறினால் விடும் சூடு சுமார் 1.2 யூனிட் கரண்டுக்குச் சமம். குடில் முழுவதற்கும் இது யானைப் பசிக்குச் சோளப்பொரி. போர்வைக்குள்ளே என்றால் நாலைந்து டிகிரி தாங்கும்.

இன்னும் தெம்பு வேண்டுமென்றால் குதிரை லத்தி. ஊட்டியில் இருந்துகொண்டு இதற்குப் பஞ்சமா? புது லத்தியை வைக்கோலோடு கலந்து, ஒன்றரை அடி ஆழக் குழியில் போட்டு ஈரமாக்கி மிதியுங்கள். நாலைந்து நாளில் கையை விட்டால் சுடும், ஐம்பது டிகிரிக்கு மேல்கூடப் போகும். அந்த முதல் உக்கிரமும் அமோனியா நெடியும் அடங்கிய பிறகு அரையடி மண் போட்டு, அதன்மேல் தட்டை வையுங்கள். சில வாரம் அடியிலிருந்து இதமாகச் சூடு வரும். மாட்டுச் சாணமும் ஆகும், வேகம்தான் குறைவு.

மண்ணுக்குக் காலையிலேயே தண்ணீர் விடுங்கள், ஈர மண் பகல் சூட்டை அதிகம் பிடித்துவைக்கும். கதவை மூன்று மூன்றரைக்கே, வெயில் இருக்கும்போதே மூடிவிடுங்கள். காலையில் வெயில் ஏறியதும் போர்வையை எடுத்து, கதவைத் திறக்க மறக்காதீர்கள், இல்லையென்றால் பனிக்குத் தப்பியது வெந்துபோகும்.

கேள்வி: (அதே வாசகர்) இவ்வளவும் செய்தும் ஒரு நாள் இலையில் வெள்ளை பூத்துவிட்டால்?

பதில்: வெயில் சுளீரென்று படுவதற்கு முன் நிழல்வலை போட்டு, மெதுவாக உருகவிடுங்கள். கருகிய இலையை அன்றைக்கே கிள்ளாதீர்கள். குருத்து பச்சையாக இருந்தால் ஒரு வாரம் பொறுத்துப் பாருங்கள், துளிர்க்கலாம். தண்டு தண்ணீர் கோத்த மாதிரி கண்ணாடியாகி அடியிலேயே தொய்ந்துவிட்டதென்றால் அந்தக் குழியில் மறுவிதை போட்டுவிடுங்கள்.