30,000 ரூபாய்க்குள் எடை குறைந்த அலுவலக லேப்டாப்: புதிது வாங்கலாமா, பழையது போதுமா?

டேலியும் எக்செல்லும்தான் வேலை, வாடிக்கையாளர்களின் கடை கடையாகத் தூக்கிக்கொண்டு போக வேண்டும், 30,000 ரூபாய்க்கு மேல் முடியாது என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் கணக்குத் தணிக்கை வேலையில் இருப்பவன்தான். என் பையில் இருப்பது லெனோவோவின் பழைய 12.5 அங்குல லேப்டாப்பான திங்க்பேட் எக்ஸ்280. அதனால் என் பதில் கொஞ்சம் ஒருதலைப்பட்சமாகத்தான் இருக்கும்: இந்த விலையில் புதிதைத் தேடாதீர்கள்.

காரணம் எளிது. இந்த விலைக்குப் புதிதாகக் கிடைப்பவை பெரும்பாலும் 15.6 அங்குலத் திரை கொண்ட கனமான பிளாஸ்டிக் உடல்கள். சிலவற்றில் செலரான் என்4020 போன்ற இரண்டு கோர் பிராசஸர் இருக்கும். பிராசஸர் நன்றாக இருந்தால் திரையிலோ கீலிலோ கை வைத்திருப்பார்கள். பெரிய நிறுவனங்கள் ஊழியர்களுக்குக் கொடுத்துத் திரும்பப் பெற்ற 2018ஆம் ஆண்டு லேப்டாப்பில் நான்கு கோர் இன்டெல் ஐ5 பிராசஸர், நல்ல கீபோர்டு, 1.2 கிலோவுக்குள் எடை எல்லாம் கிடைக்கின்றன.

ஆனால் இன்டெல் பிராசஸரில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே இறங்காதீர்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்குத் தகுதியான இன்டெல் பிராசஸர்கள், ஒருசில விதிவிலக்குகள் தவிர, எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகின்றன. ஆறாம், ஏழாம் தலைமுறை சல்லிசாகக் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். "விண்டோஸ் 11 போட்டுத் தருகிறேன்" என்று கடைக்காரர் சொல்வார்; போட முடியும், ஆனால் மைக்ரோசாஃப்டின் ஆதரவுப் பட்டியலில் அந்தப் பிராசஸர் இருக்காது.

என்னுடையதைப் போல எக்ஸ்280 வாங்குவதென்றால் முதலில் ரேமைப் பாருங்கள். அது மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டது, பிறகு கூட்ட முடியாது. 4 ஜிபி என்றால் பேசாமல் எழுந்து வந்துவிடுங்கள். அடுத்தது திரை. இதே மாடலில் 1366x768 திரையும் உண்டு, அதைவிடத் தெளிவான, பக்கவாட்டில் பார்த்தாலும் மங்காத ஃபுல் ஹெச்டி ஐபிஎஸ் திரையும் உண்டு. நாள் முழுவதும் எக்செல் பார்ப்பவருக்கு இரண்டாவதுதான் சரி. வெளியில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும் என்பதால் செட்டிங்ஸில் போய்ப் பார்த்துவிடுங்கள்.

பேட்டரியைப் பற்றிக் கடைக்காரர் சொல்வதை நம்ப வேண்டாம். விண்டோஸ் தானே ஒரு பேட்டரி ரிப்போர்ட் தரும், அதை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். எக்ஸ்280இன் பேட்டரி கொள்ளளவு புதிதில் 48 வாட் ஹவர். முழு சார்ஜில் இப்போது அது 30ஐத் தொட்டுக்கொண்டிருந்தால், புதிய பேட்டரியின் விலையைக் கழித்துத்தான் பேரம் பேச வேண்டும்.

பலர் கோட்டைவிடும் இடம் வேறு. பழைய நிறுவனத்தின் நிர்வாகப் பூட்டு சில லேப்டாப்களில் நீக்கப்படாமலே சந்தைக்கு வந்துவிடுகிறது. விண்டோஸை ரீசெட் செய்து இணையத்தில் இணைத்ததும் யாரோ ஒரு நிறுவனத்தின் மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் கேட்கும். அதனால் ரீசெட், வைஃபை, முதல் அமைப்பு மூன்றையும் கடையிலேயே உங்கள் கண்முன் செய்யச் சொல்லுங்கள். விண்டோஸுக்கு முன்பே வரும் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸுக்குள் கடவுச்சொல் இல்லாமல் நுழைய முடிகிறதா என்பதையும் பாருங்கள். சென்னை என்றால் ரிச்சி தெருவில் இதற்கெல்லாம் முகம் சுளிக்காத கடைகள் உண்டு. சுளிப்பவரிடம் வாங்க வேண்டாம். பில்லில் சீரியல் எண் இருக்கட்டும்.

நம் வேலைக்கென்றே சில வசதிகள் தேவை. டிஜிட்டல் கையொப்ப டோக்கன் செருகப் பழைய வகை அகலமான யுஎஸ்பி துளை வேண்டும். எக்ஸ்280இல் இரண்டு இருக்கின்றன. லேன் கேபிளுக்குத் தனி அடாப்டர் வாங்க வேண்டும். எண் விசைப்பலகை கிடையாது. வவுச்சர் போடுபவருக்கு அது கை ஒடிந்தது போலத்தான். சில நூறு ரூபாய்க்கு யுஎஸ்பி நம்பர் பேட் ஒன்று வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். சார்ஜர் யுஎஸ்பி-சி என்பதால் 45 வாட்டுக்குக் குறையாத சிறிய சார்ஜரே போதும், பழைய செங்கல் சார்ஜரைச் சுமக்க வேண்டியதில்லை.

எக்ஸ்280இன் 12.5 அங்குலத் திரையில் எழுத்து பொடியாகத் தெரிந்தால் டெல் லாட்டிட்யூட் 7490ஐப் பாருங்கள். 14 அங்குலம், எடை சுமார் 1.4 கிலோவிலிருந்து தொடங்கும், இரண்டு ரேம் ஸ்லாட் இருப்பதால் பிறகு 16 ஜிபிக்குக் கூட்டிக்கொள்ளலாம். உங்களுக்கு நாற்பது வயது கடந்துவிட்டதென்றால் நேராக அதற்கே போய்விடுங்கள்.