மூலச் சான்றிதழைக் கொடுக்காதீர்கள், தங்கச்சி

கேள்வி: யாழ் பல்கலைக்கழகத்தில் தாதியர் பட்டப்படிப்பை முடித்துவிட்டு அரச நியமனத்துக்குக் காத்திருக்கிறேன். இங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை தருகிறார்கள். ஆனால் இரண்டு வருட ஒப்பந்தமாம், மூலச் சான்றிதழ்களையும் ஒப்படைக்க வேண்டுமாம். "அரசாங்க வேலை வரும்வரை வீட்டில் இரு" என்கிறா அம்மா. லண்டன் மாமாவோ ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலப் பரீட்சை எடுத்துக்கொண்டு வரச் சொல்கிறார். என்ன செய்ய?
- உரும்பிராய் வாசகி

பதில்: தங்கச்சி, வீட்டில் மட்டும் இருக்காதீர்கள். பழக்கம் விட்டுப்போனால், மருந்து ஏற்றுகிற கனூலா குழாய் போடவே கை தயங்கும். தனியாரில் வேலை செய்துகொண்டே, சுகாதார அமைச்சு விண்ணப்பம் கோரும்போது போடலாம். இதை அம்மாவுக்கு ஆறுதலாகச் சொல்லுங்கள். அரசாங்க மாப்பிள்ளை, அரசாங்க மருமகள் என்று பேசும் ஊரில் அவவின் கவலையும் நியாயம்தான்.

இடைஞ்சல் தரப்போவது அந்த ஒப்பந்தம். நியமனக் கடிதம் ஆறாம் மாதமே வந்தால் என்ன செய்வீர்கள்? 'அரச நியமனம் கிடைத்தால் ஒரு மாத முன்னறிவித்தலோடு, தண்டப்பணம் இல்லாமல் விலகலாம்' என்ற வரியை எழுத்தில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். மூலச் சான்றிதழ்களைக் காட்டலாம், உறுதிப்படுத்திய பிரதியைக் கொடுக்கலாம். ஒப்படைக்கத்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் இடம் எனக்குப் பிடிக்கவில்லை. வேறு இடம் பாருங்கள்.

சம்பளத்தை எல்லோரும் கேட்பார்கள். நீங்கள் நைட் டியூட்டியைப் பற்றிக் கேளுங்கள். ஒரு வார்டில் இரவில் எத்தனை பேர், புதிதாக வருபவரை எத்தனை வாரத்தில் தனியே விடுகிறார்கள், இரவு ஒரு மணிக்கு நோயாளியின் பிரஷர் இறங்கினால் யாரைக் கூப்பிடுவது? பொட்டாசியம் குளோரைடு ஏற்றும்போது இரண்டாவது ஆள் சரிபார்க்கிறாரா? அதைக் கலக்காமல் நேரே நரம்பில் ஏற்றினால் இதயமே நின்றுவிடும் என்று படித்திருப்பீர்கள். அந்த இரண்டாவது ஆள் இல்லாத வார்டில் முதல் வேலை வேண்டவே வேண்டாம். இதையெல்லாம் மேலாளரிடம் கேட்டால் நல்ல பதில்தான் வரும். அங்கே வேலை செய்யும் ஒரு அக்காவைத் தேநீர் நேரத்தில் பிடியுங்கள்.

அரச நியமனம் வந்தால் அது யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரியாகவே இருக்கும் என்று எண்ணாதீர்கள். மந்திகையாகவும் இருக்கலாம், முல்லைத்தீவாகவும் இருக்கலாம், சிங்களம் பேசும் ஊராகவும் இருக்கலாம். இப்போதே கொஞ்சம் சிங்களம் பழகுங்கள்.

அப்புறம் லண்டன். அங்கே தாதியாகப் பதிய ஐஈஎல்டிஎஸ்ஸில் வாசிப்பு, கேட்டல், பேச்சு மூன்றிலும் 7, எழுத்தில் 6.5 வேண்டும். அந்தப் புள்ளி இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும். அதனால் போவதென்று முடிவெடுத்த பிறகு பரீட்சை எழுதினால் போதும், காசு மிஞ்சும். வார்டு அனுபவம் அதற்கும் உதவும். விலகும்போது எந்த வார்டில் எந்தத் திகதிவரை வேலை செய்தீர்கள் என்று எழுதிய சேவைச் சான்றிதழை மறக்காமல் வாங்குங்கள். முகவர் யாராவது முற்பணம் கேட்டால், அவருக்கு உரிமம் இருக்கிறதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் விசாரித்த பிறகு பேசுங்கள். மாமாவின் நண்பர் என்றாலும் விசாரியுங்கள்.