கம்பு மூட்டைக்கு இரண்டு பூட்டு: மேற்கு ஆப்பிரிக்க விவசாயச் சங்கங்கள் பற்றிச் சில கேள்விகள்

கேள்வி: நைஜர் விவசாயிகள் அறுவடை முடிந்த கையோடு கம்பை விற்றுவிட்டு, சில மாதம் கழித்து அதையே கூடுதல் விலைக்கு வாங்குகிறார்களாமே? சங்கம் இருந்தால் மட்டும் என்ன மாறிவிடும்?

பதில்: விவரம் தெரியாமல் விற்கவில்லை, பணமுடையில் விற்கிறார்கள். கதிர் களத்துக்கு வரும்போதே கடன்காரரும் வந்து நிற்பார். ஊரே ஒன்றாக விற்பதால் விலை விழும். ஜூன் வாக்கில் குதிர் காலியாகும்போது ஏறும். இதற்கு அங்கே ‘வாராந்தாஜ்’ என்ற வழி இருக்கிறது. பிரெஞ்சுச் சொல், நம் பேச்சில் தானிய அடகு. 1990களின் கடைசியில் ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பின் திட்டம் ஒன்றின் மூலம் நைஜரில் பரவியது.

ஊர்க் கிட்டங்கியில் மூட்டைகளை எடைபோட்டு அடுக்குவார்கள். கதவில் இரண்டு பூட்டு. ஒன்றின் சாவி சங்கத்திடம், இன்னொன்று கடன் கொடுத்தவரிடம். இருவரும் வந்தால்தான் கதவு திறக்கும். சரக்கின் அன்றைய மதிப்பில் ஒரு பகுதி கடனாகக் கிடைக்கும். அதை வைத்து வெங்காயம் போடுவார்கள், ஆடு வாங்கிக் கொழுக்க வைப்பார்கள். விலை ஏறியதும் மூட்டையை விற்கலாம், கடனை அடைத்துவிட்டு வீட்டுக்கும் கொண்டுபோகலாம். ஒருவருடைய நாலு மூட்டையை நம்பி எந்தக் கடன் நிறுவனமும் அந்தக் கிராமத்துக்கு வண்டி ஏறி வராது. ஊரே சேர்ந்து அடுக்கினால் வரும்.

கேள்வி: விலை ஏறாமல் போனால்?

பதில்: நஷ்டம்தான். வட்டி, கிட்டங்கிச் செலவு இரண்டும் தலையில் விழும். விளைச்சல் அமோகமான வருஷத்தில் இது நடக்கும். எல்லா மூட்டையையும் அடகு வைக்கச் சொல்லும் சங்கத்தை நான் நம்பமாட்டேன். தட்டைப்பயறு என்றால் வண்டுப் பயம் வேறு. அதற்குக் காற்றுப் புகாத மூன்றடுக்குப் பை இருக்கிறது: உள்ளே இரண்டு பிளாஸ்டிக் உறை, வெளியே சாக்கு. மூச்சு முட்டி வண்டு சாகும், மருந்து வேண்டாம்.

கேள்வி: கானாவில் கோகோ விலையை அரசே வைக்கிறது. அப்புறம் சங்கம் எதற்கு?

பதில்: விலை சரி, தராசு யாருடையது? கொள்முதல் ஆள் எடையில் கை வைத்தால் அரசு வைத்த விலையும் குறைந்த விலைதான். 1993இல் தொடங்கிய குவாபா கோகோ (ட்வி மொழியில் ‘நல்ல கோகோ விவசாயி’) சங்கத்தில், எடைபோட்டுக் கணக்கு எழுதுபவரை ஊர் உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். மாலியிலும் 1970களில் பருத்தி எடையில் ஏமாந்த கோபத்தில்தான் கிராமச் சங்கங்கள் எடைபோடும் வேலையைக் கையில் எடுத்தன. குவாபா கோகோ பிரிட்டிஷ் சாக்லேட் நிறுவனம் ஒன்றில் பங்குதாரர் ஆனதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கென்னவோ அந்த எடைக்காரர்தான் பெரிசு.

கேள்வி: செனகலில் சங்கம் தொடங்க எத்தனை பேர் வேண்டும்?

பதில்: எளிய வகைக் கூட்டுறவுக்கு 5 பேர் போதும், நிர்வாகக் குழு உள்ள வகைக்கு 15. ஆப்பிரிக்க நாடுகள் பல சேர்ந்து பொதுவான வணிகச் சட்டம் வகுக்க வைத்துக்கொண்ட ‘ஒஹாடா’ என்ற அமைப்பு 2010இல் கொண்டுவந்த சட்டம் இது. அதில் சேராத கானா, நைஜீரியாவுக்குப் பொருந்தாது. ஆனால் ஊரில் ஏற்கெனவே சங்கம் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். செனகலில் 1976 முதலே விவசாயிகளின் கூட்டமைப்பு உண்டு. உதவிப் பணத்துக்காகப் புதிதாகப் பலகை மாட்டிய சங்கங்கள், திட்டம் முடிந்த மறுமாதமே பூட்டிக் கிடக்கும்.